இன்னொரு தடவை உள்ளே போய்ப் பார்க்கணும்

அந்த ஆடி மாதம் பள்ளிக்கூடக் கழிப்பறையில் முதல் தடவை ரத்தத்தைப் பார்த்தபோது எனக்கு ஐம்பத்தொரு வயது. மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வெள்ளைப் பீங்கானில் சிவப்பாக ஓடியதைக் கண்டு எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. விட்டுப் போனது திரும்பி வந்து தொலைத்திருக்கிறதே என்று நினைத்தேன். வலி எதுவும் இல்லை. நாலாம் வகுப்பு டீச்சரிடம் ஒரு நாப்கின் வாங்கி வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

வலங்கைமானுக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எனக்கு. கணவர் கடைத்தெருவில் சிமெண்ட், கம்பி வியாபாரம் செய்கிறார். ஒரே மகன் கத்தாரில் இருக்கிறான். எங்கள் மார்க்கத்தில் மாதவிடாய் நாட்களில் பெண்கள் தொழுவதில்லை. அதனால் அன்று மாலை தொழுகை விரிப்பான முஸல்லாவை மடித்து அலமாரிக்கு மேலே வைத்தேன். மூன்று நாளில் ரத்தம் நின்றது. குளித்துவிட்டு மறுபடி தொழ ஆரம்பித்தேன். ஆவணியில் மறுபடி வந்தது. மறுபடி முஸல்லாவை மடித்தேன்.

ஒன்றை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். நாப்கின் நனையவே இல்லை. சிறுநீர் கழிக்கும்போது மட்டும்தான் சிவப்பு. மற்ற நேரமெல்லாம் துணி சுத்தமாக இருந்தது. முப்பத்தாறு வருடம் மாதவிடாயோடு வாழ்ந்தவளுக்கு அதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாதா? தெரிந்தது. தெரிந்ததை எங்கேயோ உள்ளே தள்ளி வைத்துவிட்டு, நனையாத நாப்கினைச் சுருட்டித் தாளில் மடித்துக் குப்பையில் போட்டுக்கொண்டே இருந்தேன்.

புரட்டாசியில் எரிச்சலும் சேர்ந்துகொள்ள, ஊரில் இருந்த பெண் மருத்துவரிடம் போனேன். அவர் நல்லவர்தான், கூட்டம் அதிகம். "இந்த வயசுல இப்படித்தாங்க, வந்து வந்து நிக்கும்" என்றார். சிறுநீரைச் சோதித்துக் கிருமி இருப்பதாகச் சொல்லி ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதினார். நானும் நம்பினேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டு ஆசிரியைகளுக்கு ஒரே கழிப்பறை. குழாயில் தண்ணீர் வராது, அடிபம்பிலிருந்து வாளியில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்குப் பயந்தே நாங்கள் யாரும் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்க மாட்டோம். கிருமி வராமல் என்ன செய்யும்? ஐந்து நாள் மாத்திரை மூன்று முறை ஆனது. ஒவ்வொரு முறையும் ரத்தம் தானாக நின்றது, மாத்திரைதான் நிறுத்தியது என்று நினைத்தோம்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம், நல்ல மழை. கரும்பலகையில் பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். சிறுநீர் முட்டியது. போனேன், வரவில்லை. திரும்பி வந்து இன்னொரு கணக்கு போட்டேன். மறுபடி போனேன். முக்கி முனகியதில் ஈரல் துண்டு மாதிரி ஒரு ரத்தக் கட்டி விழுந்தது, பின்னால் ஒரு சொட்டும் வரவில்லை. மூன்றாவது தடவை போனவள் எழுந்திருக்க முடியாமல் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அடிவயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. பிள்ளை பெற்றவள் நான், அந்த வலிக்கு இடையிடையே ஓய்வு உண்டு. இதற்கு ஓய்வே இல்லை.

டீச்சர்கள் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தார்கள். கணவர் வாடகைக் காரோடு வந்து சேர அரைமணி நேரம் ஆனது. பாபநாசம் வழியாகத் தஞ்சாவூர். சம்பாப் பயிர் முழங்கால் உயரம் நின்ற நேரம், ரோட்டுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர்க்காடு. ஒவ்வொரு வேகத்தடையிலும் நான் அலறினேன். கடைசியில் வெட்கத்தை விட்டுச் சொன்னேன்.

"மச்சான், எங்கயாச்சும் நிப்பாட்டுங்க. எறங்கிப் பாக்குறேன். ஒரு சொட்டு வந்தாப் போதும்."

டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வயலோரம் நான் குந்தியிருக்க, என் கணவர் குடையை என் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி ரோட்டைப் பார்த்து நின்றார். என்னைச் சுற்றி எங்கு பார்த்தாலும் தண்ணீர். எனக்குள்ளிருந்து ஒரு சொட்டு வரவில்லை. யா அல்லாஹ், என்னை இப்படியே எடுத்துக்கொள் என்று வாய்விட்டுக் கேட்டேன். அவர் காதிலும் அது விழுந்தது. தூக்கிக் காரில் உட்காரவைத்தார்.

தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ் குழாய் போட்டு, பெரிய ஊசிக்குழலால் உப்புநீரை உள்ளே செலுத்திச் செலுத்தி உறிஞ்சினாள். கட்டி கட்டியாக ரத்தம் வந்தது. அடைப்பு நீங்கி வயிறு இறங்கிய அந்த நிமிடத்தில் அவள் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தேன். என் மகனைவிடச் சின்னவள். "இருக்கட்டும்மா, அழுவாதீங்க" என்றாள். நான் அழுதுகொண்டிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் சிறுநீரக மருத்துவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். எல்லாவற்றையும் கேட்டார். எப்போதிலிருந்து, எத்தனை தடவை, வலியோடா, வலியில்லாமலா. நான் ஆடி மாதம் என்றதும் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை.

"புகையிலை, வெத்தலை, ஏதாவது பழக்கம் உண்டாங்கம்மா?"

"இல்ல சார்."

"வீட்ல யாராச்சும் சிகரெட் பிடிப்பாங்களா?"

என் கணவர் சுவரோரம் நின்றிருந்தார். சட்டைப்பையில் பாக்கெட் தெரிந்தது. "நான் புடிப்பேன் சார்" என்றார். "முப்பது வருசமா."

மருத்துவர் அதை எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். பிறகு, ஸ்கேனில் சிறுநீர்ப்பையின் வலதுபுறச் சுவரில் ஏதோ தெரிகிறது, கேமரா வைத்த மெல்லிய குழாயைச் சிறுநீர் வரும் வழியாகவே உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். என் கணவர் தயங்கித் தயங்கி, "பொம்பளை டாக்டர் யாரும் இல்லீங்களா சார்?" என்று கேட்டார். "இந்தப் பிரிவுல இங்க நான்தாங்க இருக்கேன். ரெண்டு சிஸ்டர் கூடவே இருப்பாங்க. துணி போட்டு மூடித்தான் செய்வோம். அவங்க மானத்துக்கு நான் பொறுப்பு" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அவரிடம் என்னை ஒப்படைத்தேன்.

மரத்துப்போக ஜெல்லி வைத்தார்கள். ஆனாலும் எரிந்தது. பக்கத்தில் ஒரு திரை. பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்தேன். வெளிர்ச் சிவப்பாக, நூல் நூலாக நரம்பு ஓடிய சுவர். இவ்வளவு அழகாகவா இருக்கிறது என்று ஒரு கணம் தோன்றியது. கேமரா திரும்பியது. அங்கே அது இருந்தது. வாய்க்காலில் தண்ணீருக்கு அடியில் பாசி ஆடுமே, அந்த மாதிரி, இளஞ்சிவப்பு நிறத்தில், கொத்துக் கொத்தாக ஆடிக்கொண்டிருந்தது. எனக்குள் அது பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருந்தது.

"இதுதாம்மா ரத்தம் குடுக்குது."

"கேன்சரா சார்?"

அவர் குழாயை வெளியே எடுத்து, என்னை உட்காரவைத்து, துணியைச் சரிசெய்த பிறகு சொன்னார். "எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். ஆனா பார்வைக்கு அப்படித்தான் இருக்கு. மறைச்சுச் சொல்ல எனக்கு விருப்பம் இல்ல."

வயிற்றைக் கிழிக்க மாட்டார்களாம். இதே வழியாக இன்னும் கொஞ்சம் பெரிய குழாயை விட்டு, நுனியில் மின்சாரம் பாயும் ஒரு கம்பி வளையத்தால் கட்டியைச் சீவிச் சீவி எடுப்பார்களாம். துண்டுகளை உப்புநீரோடு கழுவி வெளியேற்றுவார்களாம். தழும்புகூட இருக்காது என்றார். என் கணவருக்கு அது ஆறுதலாக இருந்தது. தழும்பு இல்லாத நோயை நான் எப்படி நம்புவது, எப்படி அது போய்விட்டது என்று தெரியும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பாபநாசத்திலிருந்து என் தங்கை வந்தாள். முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே என் உடம்பு எனக்குச் சொந்தமில்லாமல் போனது. கால்களைத் தூக்கிக் கட்டியதை உணரவில்லை, பார்த்தேன். பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் ஒரு இயந்திரம் விட்டு விட்டு முனகியது. ஒவ்வொரு முனகலுக்கும் ஒரு சீவல் என்று எண்ண ஆரம்பித்து, எண்ணிக்கை தப்பியது. எங்கள் நம்பிக்கையின் வாக்கியமான கலிமாவைச் சொல்லப் போனவள் நிறுத்தினேன். இந்த நிலையில், இந்த ரத்தத்துக்கு நடுவில், அந்த வார்த்தைகளை வாயில் எடுக்கலாமா? எனக்குத் தெரியவில்லை. உதட்டை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தனியாக நான் இருந்ததில்லை.

அறைக்குக் கொண்டுவந்த பிறகு மூன்று நாள் குழாயோடு கிடந்தேன். ஒரு பக்கம் உப்புநீர் உள்ளே போகும், இன்னொரு பக்கம் ரத்தநீராக வெளியே வந்து பையில் நிறையும். தங்கை அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, இப்ப ரோஸ் கலராயிருச்சு. காலையில இருந்ததுக்கு இப்ப தேவல" என்பாள். ஒரு மணி நேரத்தில் மறுபடி சிவப்பாகும், பேச்சை மாற்றுவாள். பக்கத்தில் எங்கேயோ பள்ளிவாசல் இருந்தது. ஐந்து வேளையும் பாங்கு கேட்டது. ஒவ்வொரு பாங்குக்கும் நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வேன். உடம்பிலிருந்து சிறுநீரும் ரத்தமும் ஒழுகிக்கொண்டே இருப்பவளுக்கு, தொழுமுன் கை கால் கழுவிச் செய்யும் ஒளு ஏது, தொழுகை ஏது? பத்து வயதிலிருந்து தொழுகிறவள், தொழுதே ஆக வேண்டிய நேரத்தில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டதாக நினைத்தேன்.

சோதனை முடிவு வர பத்து நாள் ஆனது. மருத்துவர் அறிக்கையை மேசையில் வைத்துவிட்டு, ஒரு தாளில் மூன்று கோடு போட்டுக் காட்டினார்.

"இதுதான் பையோட சுவரு. உள்பக்கத் தோலு, அதுக்கடுத்து மெத்துன்னு ஒரு அடுக்கு, அதுக்கும் வெளிய சதை. உங்களுக்கு இருக்கறது கேன்சர்தான். கொஞ்சம் வேகமா வளர்ற ரகம். தோலைத் தாண்டி ரெண்டாவது கோட்டுக்குள்ள வந்துருக்கு."

"சதைக்குப் போயிருச்சா சார்?" என் கணவர்தான் கேட்டார்.

"அங்கதான் பிரச்சினை. எடுத்தனுப்பின துண்டுகள்ல சதை வரல. அதனால போயிருக்கா இல்லையான்னு இந்த அறிக்கையால சொல்ல முடியல. ஆறு வாரம் கழிச்சு இன்னொரு தடவை உள்ளே போய்ப் பார்க்கணும். அதே இடத்துல இன்னும் ஆழமாச் சீவி எடுக்கணும்."

"போயிருந்தா?" என்றேன் நான்.

"போயிருந்தா பையையே எடுக்கற மாதிரி வரும்மா. வயித்துல ஒரு வழி வச்சு, வெளிய ஒரு பை ஒட்டிக்கணும். அதோட வாழறவங்க நிறைய பேர் இருக்காங்க. ஆனா அதை இப்பவே நினைக்க வேணாம்."

எழும்போது என் கணவர், "சார், இது என் சிகரெட்டாலதானா?" என்றார். மருத்துவர் அவரை நேராகப் பார்த்தார். "இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க. ஒண்ணுமே இல்லாம வர்றவங்களும் இருக்காங்க. ஆனா இன்னையோட விட்டுடுங்க." வெளியே வந்ததும் என் கணவர் சிகரெட் பாக்கெட்டைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டார். எனக்கு அதைப் பார்க்க ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவு சுலபமா?

அந்த ஆறு வாரத்தை நான் எப்படிக் கடந்தேன் என்று யாராவது கேட்டால், கடக்கவில்லை, கிடந்தேன் என்றுதான் சொல்வேன். மருத்துவ விடுப்பு. மகனுக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். வெள்ளிக்கிழமை வீடியோவில் அவன் கூப்பிடும்போது நல்ல முக்காடாகப் போட்டுக்கொண்டு, முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்ந்து உட்காருவேன். "என்னம்மா மெலிஞ்சிருக்கீங்க?" என்பான். "பரீட்சை பேப்பர் திருத்துறேன்டா" என்பேன். போனை வைத்ததும் கழிப்பறைக்கு ஓடுவேன். சில சமயம் போய்ச் சேர மாட்டேன். புண் ஆறும் வரை அடக்கும் சக்தி இருக்காது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். வீட்டில் நான் உட்காரும் இடத்திலெல்லாம் ரப்பர் விரிப்பு. யாராவது பார்க்க வந்தால் அதை உருவி ஒளித்துவிட்டு, நின்றபடியே பேசி அனுப்புவேன்.

தனியாக இருக்கும்போது அடிவயிற்றில் கையை வைத்து, பை ஒட்ட வேண்டிய இடம் இதுவாக இருக்குமோ என்று அளந்து பார்ப்பேன். புடவைக்கு மேலே தெரியுமா, நாற்றம் வருமா, பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்களா என்று யோசிப்பேன். சாவைவிட அதுதான் பெரிய பயமாக இருந்தது. சொல்ல வெட்கம், ஆனால் உண்மை.

ஒருநாள் காலையில் தாங்க முடியாமல், என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்து, பிறகு ஆலிமா பட்டம் வாங்கி, இப்போது பெண்கள் மதரஸாவில் பாடம் நடத்துகிறவளுக்குப் போன் செய்தேன். யாரோ ஒரு சொந்தக்காரிக்காகக் கேட்பதுபோலக் கேட்டேன். எப்போதும் ஒழுகிக்கொண்டிருக்கிற ஒரு பெண், தொழுவது எப்படி?

"அதுக்கு வழி இருக்கு டீச்சர்" என்றாள். "ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் சுத்தம் பண்ணிட்டுப் புதுசா ஒளு செய்யச் சொல்லுங்க. அந்த வக்து முடியற வரைக்கும் நடுவுல ஒழுகினாலும் தொழுகை கூடும். முடியாதவங்களை அல்லாஹ் வெளியே நிறுத்தல."

வெளியே நிறுத்தல என்று அவள் சொன்னதையே திருப்பிச் சொன்னேன்.

"டீச்சர், நீங்கதானா?"

எனக்குத் தேம்பல் வந்துவிட்டது. ஆடியிலிருந்து மாதவிடாய் என்று நினைத்து விட்ட தொழுகைகளைப் பற்றியும் சொன்னேன். அது மாதவிடாயே இல்லை, நான் சும்மா விட்டிருக்கிறேன், அதற்கு என்ன செய்வேன் என்று கேட்டேன். "தெரியாமத்தானே விட்டீங்க? ஒடம்பு தேறினதும் விட்டதைத் திருப்பித் தொழுது கழா செஞ்சுக்கலாம். இப்ப அதைப் போட்டு மனசை வருத்திக்காதீங்க" என்றாள். அவளும் அழுதாள் என்று நினைக்கிறேன். அன்று மத்தியானம் லுஹர் நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து தொழுதேன். நடுவில் ஒழுகியது. நிறுத்தவில்லை.

அதனால் மனசு இளகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. அதற்கடுத்த வாரம்தான் என் கணவரிடம் அந்த வார்த்தையைச் சொன்னேன். காலைச் சாப்பாட்டு நேரம். அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, கடைக்கும் ஒழுங்காகப் போவதில்லை. தட்டில் இடியாப்பத்தைப் பிசைந்துகொண்டு என்னைப் பார்க்காமல், "நான் ஒரு பாவி" என்றார். அது எனக்கு வெறியேற்றியது. நோய் எனக்கு வந்திருக்க, துக்கத்தையும் அவரே எடுத்துக்கொள்கிறாரே என்று இருந்தது.

"ஆமா. அந்த ரூமு சன்னல மூடிட்டு முப்பது வருசம் புடிச்சீங்க. நீங்க ஊதினீங்க, நான் குடிச்சேன். இப்ப நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. மத்தியானம் வரவில்லை. கடையில் கேட்டால் அங்கேயும் வரவில்லை என்றார்கள். போனை எடுக்கவில்லை. வெண்ணாற்றுப் பாலம், குடமுருட்டிப் படித்துறை என்று என் மனம் போன இடமெல்லாம் சொல்ல முடியாது. சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துக்கு வந்தார். எங்கே போனீர்கள் என்றேன். "ஒரு வேலையா" என்றார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நாங்கள் ஒருவருக்கொருவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு, பேசாமல் மீதி நாட்களைக் கழித்தோம்.

தை பிறந்து அறுவடை மெஷின்கள் ரோட்டில் வரிசை கட்டி நின்ற நாளில் மறுபடி தஞ்சாவூர் போனோம். அதே அறை, அதே பச்சைத் துணி. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகக் காத்திருந்த நேரம் மருத்துவர் தலைமாட்டுக்கு வந்தார்.

"உங்க வீட்டுக்காரர் போன மாசம் தனியா வந்திருந்தாரு, சொன்னாரா?"

"இல்லியே சார்."

"மூணு மணி நேரம் வெளிய உக்காந்திருந்தாரு. கிட்னி மாதிரி இதையும் மாத்தி வைக்க முடியுமான்னு கேட்டாரு. என் பையை எடுத்து அவளுக்கு வச்சிருங்க, நான் வயித்துல பை ஒட்டிக்கறேன்னாரு. அப்படியெல்லாம் செய்ய முடியாதுன்னு புரியவைக்கறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிருச்சும்மா."

இயந்திரம் முனக ஆரம்பித்தது. இந்த முறை நான் சீவலை எண்ணவில்லை. கலிமாவைச் சொன்னேன். நடுநடுவே, வழி தெரியாமல் மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த மனிதரை நினைத்தேன். என் கோபம் போய்விடவில்லை. இன்றும் முழுதாகப் போகவில்லை. ஆனால் அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிவது எனக்குச் சிரமமாகிவிட்டது.

அடுத்த பத்து நாள் முந்தைய ஆறு வாரத்தைவிட மோசம். அறிக்கை வந்துவிட்டது என்று போன் வந்த காலையில் என் கால் செருப்புக்குள் நுழையவில்லை. அவர் குனிந்து மாட்டிவிட்டார். மருத்துவர் தாளைப் படித்தார், திருப்பிப் படித்தார்.

"இந்தத் தடவை சதை வந்திருக்கு. சதையில கட்டி இல்ல. பழைய இடத்தோட ஓரத்துல மேலாகக் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கு, அதையும் எடுத்தாச்சு. பையை எடுக்க வேணாம்மா."

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வெளியே வராந்தாவுக்கு வந்ததும் என் கணவரை அடித்தேன். மார்பில், தோளில், கைப்பையால். ஆட்கள் பார்த்தார்கள். "தனியா டாக்டரைப் பாக்க வந்ததை ஏன் என்கிட்ட சொல்லல? ஏன் மச்சான் சொல்லல?" என்று அடித்தேன். அவர் தடுக்கவே இல்லை. கடைசியில் இரண்டு பேரும் அந்த இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்து, யார் வீட்டுச் சாவுக்கோ வந்தவர்களைப் போல அழுதோம். ஒரு வார்டு ஆயா தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "யாருக்கு என்ன ஆச்சும்மா?" என்று கேட்டாள். "ஒண்ணும் ஆகலம்மா" என்றார் அவர்.

அன்றே மகனுக்குச் சொன்னோம். கொஞ்ச நேரம் திரையில் அவன் முகம் அசையாமல் இருந்தது. நெட் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை. "என்னை வேத்தாள் ஆக்கிட்டீங்கம்மா" என்று மட்டும் சொன்னான்.

பிறகு, கட்டி மறுபடி முளைக்காமல் இருக்க, வாரம் ஒன்றாக ஆறு வாரம் மருந்து. பிறந்த குழந்தைக்குத் தோளில் போடும் காசநோய்த் தடுப்பூசி மருந்துதான், அதைக் குழாய் வழியாகப் பைக்குள்ளேயே விட்டார்கள். இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். கடைசி அரைமணி நேரம் நெருப்பைப் பிடித்துக்கொண்டிருப்பது மாதிரி இருக்கும். அதில் உயிருள்ள கிருமி இருப்பதால், வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொரு தடவையும் கழிப்பறையில் பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவைத்துக் கழுவ வேண்டும். அதைக் கடைசி வரை என் கணவர்தான் செய்தார். ஊருக்கெல்லாம் நோன்பு, எனக்கு மருந்து. காய்ச்சலில் சில நாள் எழவே முடியவில்லை. இது எதற்கு, இப்படி இழுத்துப் பிடித்து எதற்கு என்று தோன்றிய நாட்கள் அந்த ஆறு வாரத்திலும் உண்டு.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கேமரா வைத்துப் பார்க்கிறார்கள். முதல் இரண்டு தடவை சுவர் சுத்தமாக இருந்தது. மூன்றாவது தடவை திரையில் நானே முதலில் பார்த்தேன், இடதுபக்கம் உளுந்து அளவுக்கு ஒன்று. "சார், அங்க" என்றேன். "பார்த்துட்டேன்மா" என்றார். அந்த நொடியில் எனக்குள் எல்லாம் மறுபடி இடிந்து விழுந்தது. ஆடியிலிருந்து தை வரை மறுபடி முழுசாக நடக்கப்போகிறது என்று நினைத்தேன். மறுநாளே மயக்க ஊசி போட்டு எடுத்தார்கள். மேலோட்டமானது, வேகமில்லாத ரகம் என்று அறிக்கை வந்தது. இது அடிக்கடி முளைக்கும் குணமுள்ள நோய், முளைக்க முளைக்க எடுத்துக்கொண்டே போகலாம், பயப்படாதீர்கள் என்றார் மருத்துவர். பயப்படாமல் இருக்க நான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. கழிப்பறையில் ஒவ்வொரு தடவையும் நிறத்தைப் பார்த்த பிறகுதான் மூச்சு விடுகிறேன்.

இதற்காக எடுத்த விடுப்பு அந்த வாரக் கடைசியில் முடிந்தது. திங்கட்கிழமை மத்தியானம் ஆசிரியர் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது, புதிதாக வந்திருந்த கணக்கு டீச்சர் எதற்கு லீவு என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவளுக்குக் கண்காட்டினார்கள். நான் சொன்னேன். சிறுநீர்ப்பை என்று சொன்னேன், கேன்சர் என்று சொன்னேன், எந்த வழியாகக் குழாய் விடுகிறார்கள் என்பதையும் சொன்னேன். யாரும் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

"வலிக்குமா டீச்சர்?" என்று அவள் கேட்டாள்.

"வலிக்கும்" என்றேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நிறையக் குடித்தேன். மணி அடித்தது, வகுப்புக்குப் போனோம்.